கோழிக்குக் கிடைத்த மஞ்சள் பொடி

முழங்கால் வலி பொறுக்காமல், நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அதே மருத்துவமனைக்குப் போன மாதம் போயிருந்தேன். செகந்திராபாத் பக்கம் உள்ள பெரிய தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். தரைத்தளத்தில் மருந்தகத்துக்குப் பின்னால், நாங்கள் மருந்து கலக்கும் அறை இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறார்கள். உள்ளே வெள்ளை விளக்கு, அடுக்கடுக்காகக் குப்பிகள். கரடிக்குட்டி வடிவத்தில் வைட்டமின் மிட்டாய்கள். கூந்தலுக்கு ஒரு கரடி, சருமத்துக்கு ஒரு கரடி, சுறுசுறுப்புக்கு ஒரு கரடி.

"ஆன்ட்டி, மாம்பழ ஃப்ளேவர். ட்ரை பண்ணுங்க" என்று கடைப் பெண் ஒரு குப்பியை நீட்டினாள்.

குப்பியைத் திருப்பிப் பார்த்தேன். பழக்கதோஷம். ரைபோஃப்ளேவின், அதாவது பி-டூ வைட்டமின், என்று பொடி எழுத்தில் போட்டு அதன் அளவையும் போட்டிருந்தார்கள். ஒரு டம்ளர் பாலும் ஒரு முட்டையும் கொடுப்பதைவிடக் குறைவு. அந்த மிட்டாயை வாங்கப்போகிறவர்கள் யாரும் பாலுக்கும் முட்டைக்கும் வழியில்லாதவர்கள் இல்லை. எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது.

வெளியே வந்தபோது ஸ்ராவணி பிடித்துக்கொண்டாள். என் கடைசி வருடங்களில் என்னோடு வேலை பார்த்த பெண், இப்போது மருந்தகத்தில் சீனியர். "மேடம், புதுசா சேர்ந்தவங்க ஸ்டோர் ரூம்ல மருந்து அரைக்கிற பீங்கான் கல்வத்தப் பார்த்துட்டு, இங்க இதெல்லாம் எதுக்கு வச்சிருந்தீங்கன்னு கேக்கறாங்க. நீங்களே ஒரு நாள் வந்து சொல்லுங்களேன்" என்றாள். அன்று இருந்த கோபத்தில் அவளிடம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கோபமாக இருந்தால் எனக்குக் கோர்வையாகப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பா அரக்கோணத்திலிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு ஃபிட்டராக வந்தவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் ரயில்வே காலனியில்தான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் உருது. மருந்தாளுநர் படிப்பு முடித்து இரண்டு மூன்று சில்லறை மருந்துக் கடைகளில் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்துவிட்டு இந்த மருத்துவமனையில் சேர்ந்தேன். படிப்பில் கற்றது கொஞ்சம். மீதியை ரமணா சாரிடம் கற்றேன். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

வெங்கடரமணா தலைமை மருந்தாளுநர். ஒல்லியான, குட்டையான மனிதர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாராவது தப்புச் செய்தால் திட்ட மாட்டார். கையில் இருப்பதை வாங்கிக் குப்பையில் கொட்டிவிட்டு, "மள்ளி" என்பார். தெலுங்கில் 'மறுபடியும்' என்று அர்த்தம். பொடியை எடைபோடும்போது மின்விசிறியை அணைக்க வேண்டும். பேசக் கூடாது. ஜாடியின் லேபிளை மூன்று தடவை வாய்விட்டுப் படிக்க வேண்டும்: அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை, தட்டில் கொட்டும் முன் ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது பள்ளிக்கூடத்து ஒப்புவித்தல் மாதிரி இருந்தது. "ரெஜினா, கண் பொய் சொல்லும், வாய் சொன்னா காது பிடிச்சிக்கும்" என்பார். அவருடைய தமிழ் அப்படித்தான் இருக்கும், தெலுங்கைத் தமிழ்ச் சட்டைக்குள் நுழைத்த மாதிரி.

அந்த அறையில் நாங்கள் செய்த வேலை இதுதான். கம்பெனிகள் பெரியவர்களுக்கு மட்டும் மாத்திரை செய்யும். இரண்டு கிலோ எடையில் பிறந்த குழந்தைக்கு அந்த மாத்திரையில் ஒரு துணுக்கு போதும். அந்தத் துணுக்கைச் சரியாக அளந்து, பாகில் கலந்து, குழாய் வழியே இறங்கும்படி செய்து கொடுப்போம். விளம்பரம் இல்லாத வேலை. லாபமும் இல்லாத வேலை.

இனி அந்தப் பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன்.

பெயர் மித்ரா. நாலு வயது நிரம்பவில்லை. அப்பா செந்தில் கொண்டாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அம்மா கவிதா. இருவரும் தேனிப் பக்கம். செந்திலுக்குக் கவிதா சொந்த அத்தை மகள். முதலில் பிள்ளை கூப்பிட்டால் திரும்பவில்லை என்று காது மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். செவித்திறன் குறைந்துகொண்டே போகிறது என்று கருவி மாட்டினார்கள். அப்புறம் குரல் கம்மிப்போனது. சோறு விழுங்கும்போது புரை ஏறியது. ஓடி விளையாடுகிற பிள்ளைக்குக் கை மட்டும் தூக்க வரவில்லை. ஸ்பூன் வாய்க்குப் போகும் வழியிலேயே விழுந்தது. ஒரு சளிக் காய்ச்சல் வந்ததும் மூச்சு திணறி எங்கள் மருத்துவமனைக்கு வந்து, ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் வைக்கப்பட்டாள்.

குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் ஃபரீதா பிள்ளையைப் பரிசோதித்துவிட்டுப் பெற்றோரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா?"

இருந்தது. மித்ராவுக்கு முன்னால் யாழினி என்று ஒரு பெண். அவளுக்கும் முதலில் காது போயிருக்கிறது, பிறகு கை, பிறகு மூச்சு. ஊரில் பல மருத்துவர்களிடம் காட்டியிருக்கிறார்கள். தசை நோய், மருந்து கிடையாது, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். கொண்டுபோனார்கள். அதோடு முடிந்தது.

டாக்டர் ஃபரீதா அன்று மத்தியானமே எங்கள் அறைக்கு வந்துவிட்டார். பெரிய டாக்டர்கள் மருந்தகத்துக்குள் காலெடுத்து வைப்பது அபூர்வம். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரமணா சாரிடம் விளக்கினார்.

"சார், ரைபோஃப்ளேவின் நாம சாப்பிடற பால், முட்டை, கீரை எல்லாத்துலயும் இருக்கு. அது இல்லாம உடம்புல எந்த செல்லும் சாப்பாட்டைச் சக்தியா மாத்த முடியாது. நரம்புக்கு ரொம்ப முக்கியம். இந்தப் பிள்ளைக்குச் சாப்பாட்டுல குறை இல்ல. அந்தச் சத்தை ரத்தத்துலேர்ந்து நரம்புக்குள்ள எடுத்துட்டுப் போற புரதம் பிறவியிலேயே கோளாறுன்னு நினைக்கிறேன். கதவு அடைச்சிக்கிச்சு. ஜன்னல் சந்து வழியா மூட்டை மூட்டையா எறிஞ்சா கொஞ்சமாவது உள்ள விழும். அதான் வைத்தியம். அதிக டோஸ் ரைபோஃப்ளேவின். ஜீன் டெஸ்ட் அனுப்பியாச்சு. வர வாரக்கணக்காகும். அதுவரைக்கும் பிள்ளை தாங்காது. இன்னிக்கே ஆரம்பிக்கணும்."

"எவ்வளவு டாக்டர்?" என்றார் ரமணா சார்.

அவர் சொன்ன அளவைக் கேட்டு நான் தலை நிமிர்ந்தேன். ஆரோக்கியமான ஒரு பெரியவருக்கு நாளெல்லாம் தேவைப்படுவது ஒரு மில்லிகிராமும் அதற்கு மேல் கொஞ்சமும்தான். மித்ராவுக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் வேண்டும். அதுவும் ஒரே தடவையில் கொடுத்தால் குடல் ஏற்காது. பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதிகமாகப் போனால் ஆபத்து உண்டா என்று கேட்டேன். "மூத்திரம் பளிச்சுன்னு மஞ்சளாப் போகும். அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

இவ்வளவு சாதுவான பொருள். எங்கள் அலமாரியில் அது தனியாக இல்லை. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைதான் இருந்தது, மற்ற வைட்டமின்களோடு சேர்ந்து. ஐ.சி.யூ.வில் ஒரு இளம் டாக்டர் அவசரத்தில் அந்த மாத்திரைகளையே கைநிறைய இடித்துக் கொடுக்கும்படி எழுதி அனுப்பிவிட்டார். ரமணா சார் சீட்டைப் பார்த்தார். ஃபோனை எடுத்து, "டாக்டர் காரு, இத்தனை மாத்திரையில ரைபோஃப்ளேவின் மட்டும் போகாது. பி-சிக்ஸும் இத்தனை மடங்கு போகும். அது நரம்பைக் கெடுக்கும். கெட்டுப்போன நரம்பை இன்னும் கெடுக்க நான் மருந்து தர மாட்டேன். சுத்தமான பொடி கொண்டுவர்றேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சுத்தமான பொடி எங்கே? யோசித்துப் பாருங்கள். இந்த ஊரைச் சுற்றி மருந்துத் தொழிற்சாலைகள்தான். காற்றடித்தால் ஜீடிமெட்லா பக்கம் மருந்து வாசனை வீசும். இங்கிருந்து உலகமெல்லாம் மருந்து போகிறது. ஆனால் விநியோகஸ்தர் ஒருவரிடமும் அதிக அளவு ரைபோஃப்ளேவின் மருந்தாக இல்லை. "யாரும் கேக்கறதில்ல மேடம்", "மூவிங் இல்ல மேடம்", "கம்பெனி நிறுத்திடுச்சு மேடம்". எல்லாரிடமும் ஒரே பாட்டு. மலிவான பொருள், காப்புரிமை இல்லை, தேவைப்படுகிற நோயாளிகளோ அங்கொன்றும் இங்கொன்றும். இதை மாத்திரையாக்கி அட்டையில் போட எவனுக்கு ஆசை வரும்?

கடைசியில் ஒரு வியாபாரி ஃபோனில் உற்சாகமாகப் பேசினார். "ஹவ், ஆமா மேடம், ரைபோஃப்ளேவின் இருக்கு. எவ்வளவு வேணும்? மூட்டையா, டிரம்மா?"

எனக்கு உயிர் வந்தது. "மருந்து தரம்தானே பாய்? சர்டிஃபிகேட் இருக்கா?"

"மருந்தா? நக்கோ மேடம், அது இல்ல. இது ஃபீட் கிரேடு. கோழிக்குப் போடறது. ஷாமிர்பேட், மெதக் கோழிப் பண்ணை எல்லாத்துக்கும் நம்ம சரக்குதான். இது இல்லைன்னா கோழிக்குஞ்சுக்குக் கால் மடங்கிப் போயிடும், நடக்காது. ஃபஸ்ட் கிளாஸ் சரக்கு."

ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கோழிக்குஞ்சுக்குக் கால் மடங்காமல் இருக்க மூட்டை மூட்டையாக இருக்கிறது. அதன் நரம்புக்கு இந்த வைட்டமின் வேண்டும் என்று பண்ணைக்காரனுக்குத் தெரிகிறது, அவனுக்குச் சரக்கு கொடுக்கச் சங்கிலித் தொடர் போல ஆட்கள் இருக்கிறார்கள். மாடியில் ஒரு பிள்ளை கை தூக்க முடியாமல் குழாயில் மூச்சுவிட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு இல்லை. அந்த வியாபாரியைத் திட்டுவதில் அர்த்தமில்லை. அவர் தன் தொழிலைச் செய்கிறார். ஆனால் இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் என்று யாராவது இருந்தால் அவர்களைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

கோழித்தீவனப் பொடியைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. அதில் வேறென்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ரமணா சார் தனக்குத் தெரிந்த ஒவ்வொருவராக அழைத்தார். பி-காம்ப்ளெக்ஸ் சிரப் தயாரிக்கும் ஒரு சிறு ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவி, அவருடன் கல்லூரியில் படித்தவர். சிரப்புக்காக அவர்கள் வாங்கி வைத்திருந்த மருந்துத் தரப் பொடியில் ஒரு ஜாடியை, பரிசோதனைச் சான்றோடு சீல் வைத்து, முறைப்படி மருத்துவமனைக்கு இலவசமாகத் தர ஒப்புக்கொண்டார். நானே ஆட்டோ பிடித்துப் போய், மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜாடி வந்துவிட்டது. நேராக மேலே போக வேண்டியதுதானே? இல்லை. கொள்முதல் அதிகாரி என்று ஒருவர் இருந்தார். ஏதோ ஹோட்டல் நிறுவனத்திலிருந்து வந்தவர். அவர் கையெழுத்து இல்லாமல் மருத்துவமனைக்குள் பஞ்சு கூட நுழையாது. எங்கள் மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் பேசினார். நான் தமிழில் தருகிறேன்.

"இந்தப் பொடி நம்ம அங்கீகரிச்ச பட்டியல்ல இல்ல. இந்த ஆலை நம்ம பதிவு செஞ்ச சப்ளையர் இல்ல. இதைக் கொடுத்து ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?"

"நான்" என்றார் டாக்டர் ஃபரீதா.

"டாக்டர், வைட்டமின்லயே குணமாகும்னா ஐ.சி.யூ. எதுக்கு? ஜீன் ரிப்போர்ட் வரட்டும். உறுதியானா நான் முறையா வெளிநாட்டுல இருந்து வரவழைக்க ஏற்பாடு பண்றேன்."

"ரிப்போர்ட் வர்றதுக்குள்ள பிள்ளை போயிடும்."

"அது உங்க கணிப்பு. நிறுவனத்துக்குன்னு சில நடைமுறை இருக்கு."

நடைமுறை! நடைமுறை என்றால் என்ன என்று எங்கள் அறைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும் அந்த ஆள். லேபிளை மூன்று தடவை படிக்கிறவருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு நடைமுறையைப் பற்றிப் பாடம் எடுத்தார். ரமணா சார் மெதுவாக எழுந்து வெளியே போனார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று நினைத்தேன்.

சிறிது நேரத்தில் கதவு திறந்தது. ரமணா சார் கவிதாவை அழைத்துக்கொண்டு வந்தார். சாயம் போன சுடிதார், ஐ.சி.யூ. வாசலில் கழற்றிய செருப்பில் ஒன்றை மட்டும் மாட்டியிருந்தாள். தான் எதற்காக அழைக்கப்பட்டோம் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

ரமணா சார் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார். பிறகு அதிகாரியிடம் தன் வழக்கமான தணிந்த குரலில் சொன்னார். "சார், இவங்க அந்தப் பாப்பா அம்மா. மருந்து கீழ இருக்கு. குடுக்க வேண்டாம்னு நீங்க சொல்றீங்க. எதனாலன்னு இவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. நானோ டாக்டரோ சொல்ல மாட்டோம்."

அதிகாரி எழுந்தார், உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த பேனாவை மூடினார், திறந்தார். கவிதா என்னைப் பார்த்து, "என்னங்கம்மா சொல்றாரு? மருந்து வந்துருச்சா?" என்று தமிழில் கேட்டாள்.

"வந்துருச்சும்மா. சாருக்கு அதைக் கொடுக்கலாமா வேண்டாமான்னு யோசனை" என்றேன்.

அவள் அந்த மனிதரைப் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிடவில்லை, அழவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரால் அதைத் தாங்க முடியவில்லை. "டாக்டர் எழுதி, பெற்றோர் சம்மதம் கொடுத்தா, டாக்டரோட பொறுப்புல..." என்று முணுமுணுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே வந்து வேலையை ஆரம்பித்தோம். அவசரம் என்பதற்காக ரமணா சார் ஒரு படியைக்கூட விடவில்லை. சான்று இருந்தும் பொடியை நாங்களே சோதித்தோம். ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம், மணம் லேசாக. ஒரு சிட்டிகையை நிறையத் தண்ணீரில் கரைத்தால் வெளிர் மஞ்சள். அதையே பக்கவாட்டில் வெளிச்சத்தில் பார்த்தால் பச்சையாக ஒளிரும், மின்மினி மாதிரி. அமிலத்தை விட்டால் அந்த ஒளி அணைந்துவிட வேண்டும். அணைந்தது. "சரி" என்றார்.

மின்விசிறியை அணைத்தோம். ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம், ஏனென்றால் ரைபோஃப்ளேவினுக்கு வெயில் எதிரி. வெளிச்சத்தில் கிடந்தால் சத்துப் போய்விடும். பாலைக் கண்ணாடிப் பாட்டிலில் வெயிலில் வைக்கக் கூடாது என்பது இதனால்தான். தண்ணீரில் எளிதில் கரையாத பொருள். அதனால் கல்வத்தில் சொட்டுச் சொட்டாகத் திரவம் விட்டு அரைத்து, கட்டியில்லாத குழம்பாக்கி, அடியில் தங்காமல் மிதக்கும்படி பாகு சேர்த்து, பழுப்புக் குப்பியில் ஊற்றி, குப்பிக்கு அலுமினியத் தாள் சுற்றினோம். நன்றாகக் குலுக்கிக் கொடுக்கவும் என்று பெரிதாக எழுதி ஒட்டினேன். கை, கோட்டு, மேசை எல்லாம் மஞ்சள். நானே மாடிக்குக் கொண்டுபோனேன். செவிலி மூக்குக் குழாய் வழியே மெல்ல இறக்கினாள். மித்ராவின் கண் திறந்திருந்தது. கையை அசைக்க முடியாத பிள்ளை என் மஞ்சள் விரல்களையே பார்த்தது.

உடனே அதிசயம் நடக்கவில்லை. மறுநாள் சிறுநீர்ப் பை மஞ்சளாக மின்னியது, அவ்வளவுதான். அதிகாரி வராந்தாவில் என்னைப் பார்த்து, "எப்படி இருக்கு உங்க வைட்டமின்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அந்த நாட்களில் டாக்டர் ஃபரீதா காலையில் எங்கள் அறை வழியாகத்தான் வார்டுக்குப் போவார். குப்பியைக் குலுக்கிப் பார்த்துவிட்டுப் போவார்.

பிறகு ஒரு காலை செவிலி இன்டர்காமில் அழைத்தாள். மூச்சுக் குழாயைச் சரிசெய்யப் போன அவள் கையை மித்ரா தட்டிவிட்டாளாம். "தட்டிவிட்டா மேடம்! கோவமாத் தட்டிவிட்டா!" என்று தெலுங்கில் கத்தினாள். ரமணா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு வென்டிலேட்டரிலிருந்து விடுபட்டாள், கழுத்து நின்றது, சாய்ந்து உட்கார்ந்து இட்லியைத் தானே பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனாள். காது மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. அது தாமதத்தின் விலை என்றார் டாக்டர்.

ஜீன் ரிப்போர்ட் வந்தபோது டாக்டர் சொன்னது உறுதியாகியிருந்தது. பெற்றோரை உட்கார வைத்து விளக்கினார். வாழ்நாள் முழுதும் மருந்து நிற்கக் கூடாது. வீட்டில் எப்படிக் குலுக்கிக் கொடுப்பது என்று சொல்லிக்கொடுக்க என்னையும் அழைத்திருந்தார். இந்தப் பொடிக்காகக் கோழித்தீவன வியாபாரிவரை நான் அலைந்ததைக் கவிதாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். செந்தில் கண்கலங்கி டாக்டரின் கையைப் பிடிக்கப் போனார். கவிதா அவர் கையை விலக்கினாள்.

"யாழினிக்கும் இதேதானா டாக்டர்?"

நான் மொழிபெயர்த்தேன். டாக்டர் ஃபரீதா தயங்கினார். "சோதிக்கல. ஆனா நீங்க சொன்னதை வச்சுப் பார்த்தா, பெரும்பாலும் ஆமா."

"அவளுக்கும் இந்தப் பொடியக் குடுத்திருந்தா?"

டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து மேசைமேல் வைத்தார்.

"சொல்லுங்கம்மா" என்று என் பக்கம் திரும்பினாள். "அவளுக்கும் குடுத்திருந்தா எந்திரிச்சிருப்பாளா?"

"இருக்கலாம்மா" என்றேன்.

அவள் மேசைமேல் இருந்த குப்பியை எடுத்தாள். தாளைக் கிழித்தாள். "இதுதானா? முட்டையில இருக்கறது, பால்ல இருக்கறது, கோழிக்குப் போடறது? இது இல்லாமயா எம்புள்ள செத்தா? எத்தன பேரு பாத்தாங்க அவள! ஒருத்தன், ஒரே ஒருத்தன், குடுத்துப் பாப்போம்னு நெனக்கலியா? சொந்தத்துல கட்டுன பாவம்னு எங்க மாமியா சொன்னாங்க. விதின்னாங்க. இன்னொண்ணப் பெத்துக்கன்னாங்க. நானும் விதின்னு நம்பி மண்ணள்ளிப் போட்டேனே! இது விதியா? கடையில இல்லாத பொடிம்மா இது! கடையில இல்ல!"

நன்றியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த எங்களுக்கு முகம் வைக்க இடமில்லை. ஆனால் அவள் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. இத்தனை வருடம் வேலையில் எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறேன். மருந்தே இல்லாத நோய்களை ஏற்றுக்கொள்ளப் பழகியிருந்தேன். பண்ணைகளுக்கு டிரம் டிரம்மாகப் போகும் ஒரு பொருள் கைக்கெட்டாமல் ஒரு பிள்ளை போவதை ஏற்றுக்கொள்ள எனக்கு எந்தப் பழக்கமும் இல்லை. அன்றிலிருந்து இந்தக் கோபம் எனக்குள் குடியிருக்கிறது.

அதன் பிறகு மித்ராவுக்கு மாதாமாதம் எங்கள் அறையிலிருந்துதான் மருந்து போனது. அந்தச் சிறு ஆலையை முறைப்படி பதிவு செய்யவைத்தார் ரமணா சார். அதற்கே அந்த அதிகாரியிடம் நடையாய் நடந்தார். பின்பு ரமணா சார் ஓய்வுபெற்றார். சைனிக்புரியில் தம்பி வீட்டில் இருந்தார். போன வருடம் மாரடைப்பில் காலமானார். நானும் ஓய்வுபெற்றேன். நான் போன சில மாதங்களில் கலக்கும் அறையை மூடிவிட்டார்கள். இடத்துக்கு ஏற்ற வருமானம் இல்லையாம்.

யாரும் மித்ரா வீட்டுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. மருந்து வாங்க வந்த கவிதாவிடம், "அந்த சர்வீஸ் இப்ப இல்ல மேடம், ஆன்லைன்ல பாருங்க" என்றிருக்கிறார்கள். ஆன்லைனில்! வீட்டில் இருந்ததோ அரைக் குப்பி. லோத்குண்டாவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அம்மா, பொடி குடுக்க மாட்டேங்குறாங்க" என்றாள். குரலில் நடுக்கம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நாங்கள் இருவரும் அன்றே கிளம்பினோம். பெரிய மருத்துவமனைகள் இரண்டில் அனுதாபத்தோடு காபி கொடுத்தார்கள். கடைசியில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு சின்ன மிஷன் மருத்துவமனையில், மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர், "கல்வம் இருக்கு. கைதான் இல்லை" என்றார். என் கையைக் கொடுத்தேன். வாரத்தில் இரண்டு காலைகள் அங்கே போகிறேன். அந்த ஆலையே பொடி தருகிறது. முழங்கால் வலிக்கக் காரணமும் அந்த மருத்துவமனையின் படிக்கட்டுதான்.

மித்ரா இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். காதுக்குள் கருவி பொருத்தியிருக்கிறார்கள். நான் தமிழில் பேசினால் தெலுங்கும் உருதுவும் கலந்து பதில் சொல்கிறாள். மருந்தைக் குடிக்கச் சொன்னால், "நக்கோ ஆன்ட்டி, கசப்பு" என்று முகத்தைச் சுளித்துவிட்டு ஒரே மடக்கில் குடிக்கிறாள்.

கவிதா வேறு ஒரு வேலையை எடுத்துக்கொண்டாள். யாரும் அவளுக்குக் கொடுத்த வேலை அல்ல. காது பரிசோதிக்கும் கிளினிக்குகளுக்குப் போய், காது போய்க் கை தளர்கிற பிள்ளை யாராவது வந்தால் தன்னைக் கூப்பிடச் சொல்லி எண்ணைக் கொடுத்துவிட்டு வருகிறாள். பல இடங்களில் விரட்டியிருக்கிறார்கள்.

போன வாரம் மிஷன் மருத்துவமனையில் நான் கல்வத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது கவிதாவின் குரல் கேட்டது. நல்கொண்டாவிலிருந்து ஒரு தம்பதியைக் கூட்டி வந்திருந்தாள். அந்த அம்மாவின் தோளில் ஒரு பெண் குழந்தை, தலை தொங்கிக் கிடந்தது. எதிரே அன்று பணியில் இருந்த இளம் டாக்டர். நல்ல பையன்தான், பயந்த பையன். கவிதா விவரம் எல்லாம் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. அவர் தெலுங்கில் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: இது மிக அபூர்வம், ஜீன் பரிசோதனைக்கு அனுப்புவோம், உறுதியான பிறகு சிகிச்சையை யோசிக்கலாம்.

"வரட்டும் சார்" என்றாள் கவிதா, தேனித் தமிழ் வாசனை போகாத தெலுங்கில். "ரிப்போர்ட் மெதுவா வரட்டும். அதுவரைக்கும் குடுங்க."

"இல்லைம்மா, உறுதியில்லாம..."

"தப்பா இருந்தா மூத்திரம் மஞ்சளாப் போகும். சரியா இருந்து நீங்க குடுக்கலேன்னா என்ன ஆகும்னு நான் பார்த்திருக்கேன் சார். எம் பெரியவ பேரு யாழினி. உக்காருங்க, சொல்றேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கல்வத்தைத் துடைத்தேன். சொல்ல வேண்டியவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். நல்கொண்டா அம்மாவுக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அந்த இளம் டாக்டர் கடைசியில் ஃபோனில் டாக்டர் ஃபரீதாவிடம் பேசி, பேனாவை எடுத்து எழுதி முடிக்கும் வரை அந்த இடத்தைவிட்டு அவள் எழுந்திருக்கவில்லை.